ஆரம்பாக்கத்தில் இறங்கியவர்

என் மாமனாரின் துப்பாக்கி உரிமப் புத்தகத்தை முதன்முதலில் முழுமையாகப் புரட்டிப் பார்த்தபோது, அது ஓர் ஊரின் நிர்வாக வரலாறாகத்தான் எனக்குப் பட்டது. முதல் முத்திரை 1995-ஆம் ஆண்டினுடையது: செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன. அடுத்த புதுப்பித்தலில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருக்கிறது. பிறகு தாம்பரம் சென்னைப் பெருநகரக் காவலின் கீழ் வந்ததும் மாவட்ட ஆட்சியரின் கையொப்பம் மறைந்து காவல் ஆணையரின் கையொப்பம் வருகிறது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கென்றே தனி ஆணையரகம் உருவானது. கடைசி முத்திரை அதனுடையது. மனிதர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீட்டில், ஒரே பீரோவில்தான் அதை வைத்திருந்தார். மாறியதெல்லாம் அவரைச் சுற்றியிருந்த எல்லைகள்.

முதல் முத்திரையில் உள்ள முரணை வேறு யாரும் கவனித்திருப்பார்களா என்று தெரியாது. 1967 ஜனவரி 12 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத ராமாவரம் தோட்டத்தில், எம்.ஆர். ராதா சுட்டுக் கழுத்தில் குண்டு பாய்ந்தவர் எம்.ஜி.ஆர். அடுத்த மாதம் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். தமிழகத் தேர்தல் வரலாற்றில் துப்பாக்கிக்கு இருக்கும் இடம் அந்தக் கழுத்துக் கட்டுச் சுவரொட்டிதான். அவர் பெயரைத் தாங்கிய மாவட்டம் வழங்கிய துப்பாக்கி உரிமம் என் மாமனாருடையது.

அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் அவர் கையாண்ட ஆயுதங்கள் அரசாங்கத்துடையவை. சொந்தமாக வாங்கியது ஒன்றே ஒன்று: கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வர். முன்னாள் ராணுவத்தினர் பலரையும் போல, பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவல் செல்லும் வேலைக்காக வாங்கினார். துப்பாக்கி சொந்தமாக இருந்தால் சம்பளம் கொஞ்சம் கூடுதல். 38 அளவும் 9 மில்லிமீட்டரும் தடை செய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்கு எட்டக்கூடியது 32 தான் என்பதெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்தது.

'துப்பாக்கி' தமிழ்ச் சொல் அல்ல. துருக்கிய 'துஃபெக்' பாரசீகம், தக்காணம் வழியாக நடந்து வந்து நம்மிடம் இப்படி ஆகியிருக்கிறது. 'துப்பு' என்றால் வலிமை, ஆகவே வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்று மேடைகளில் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கைதட்டல் கிடைக்கும், வேர் கிடைக்காது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ஏமாற்றமடைவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆயுதத்தைக்கூட நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதை ஏற்க அவர்களுக்கு மனமில்லை.

ஆயுதத்தை வைத்திருப்பது பற்றிய நம் பழைய கவிதைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது புறநானூற்றின் 95-ஆம் பாடல். அதியமானின் தூதாகச் சென்ற ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, பீலி சூட்டி, காவலோடு வைக்கப்பட்டிருக்கும் ஆயுதங்களைப் பார்க்கிறாள். அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோலப் பழிப்பு என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். பாடம் நடத்தும்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் தொண்டைமானின் நாட்டில், அதே தொண்டை மண்டலத்தில் குடியிருப்பவன் என்ற முறையில், நெய் பூசிய ஆயுதத்தின் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. என் மாமனார் மாதத்தின் முதல் ஞாயிறன்று மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய நாளிதழை விரித்து, ரிவால்வரைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவார். இருபத்தொன்பது ஆண்டுகளில் எவரை நோக்கியும் அதை அவர் நீட்டியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, அங்கே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தனி அனுமதி பற்றி மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டெக்சாஸில் 2021 முதல் அதற்கு உரிமமே தேவையில்லை. நியூயார்க்கோ வேறு மாநிலத்து அனுமதியை ஏற்பதேயில்லை. இரண்டுக்கும் நடுவே பயணம் செய்பவருக்காக 1986-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம்: குண்டுகளை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கடந்து போகலாம்.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மறைக்கிறதுக்கு எதுக்குத் தனி பர்மிஷன்? மறைக்காம கொண்டு போனாத்தானே தப்பு?" என்றார்.

அவர் சொன்னது சரி. நம் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, கைத்துப்பாக்கி உறையில் இருக்கவேண்டும், முழுவதும் மூடப்பட்டிருக்கவேண்டும், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். பொது இடத்தில் எடுத்துக் காட்டுவது குற்றம். அங்கே மறைத்தல் ஒரு சலுகை. இங்கே அது கடமை. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடும் வடநாட்டு வழக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான் 2019-இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது.

மறைத்துக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அவரிடமிருந்து துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் கூட்ட நேரத்தில் ஏறமாட்டார். இடுப்பில் யாராவது இடித்தால் அவர் கை அனிச்சையாக அங்கே போகும்; போனால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வேலை நாட்களில் கல்யாணப் பந்தியில் உட்காரமாட்டார். பயணத்தில் தூங்கமாட்டார். வெளியூரில் கழிப்பறைக்குப் போவதுகூட அவருக்கு ஒரு திட்டமிடல். "துப்பாக்கி இருந்தா தைரியம்னு நினைக்கிறாங்க மாப்பிள்ளை. கைக்குழந்தையத் தூக்கிட்டுத் திரியற மாதிரிதான் அது" என்று ஒருமுறை சொன்னார்.

இனி ஆரம்பாக்கம். இது என் திருமணத்துக்கு முன்பு, 2001-இல் நடந்தது. அவர் அப்போது ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம், வேலூர் என்று வண்டி போகும். அவருடைய உரிமத்தில் செல்லுபடியாகும் எல்லை என்ற இடத்தில் 'தமிழ்நாடு' என்று எழுதியிருந்தது. பெரும்பாலான உரிமங்கள் அப்படித்தான். மாவட்டத்துக்கு மட்டும், மாநிலத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். நாடு முழுவதற்குமான உரிமம் சுலபமாகக் கிடைக்காது. பணியின் பொருட்டு நாடெங்கும் செல்லவேண்டிய அதிகாரிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றோருக்கு வாய்ப்பு அதிகம். ஓய்வு பெற்ற ஹவில்தார் எந்த வரிசையில் நிற்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒருநாள் காலையில் வண்டி கிளம்பிய பிறகுதான் நாயுடுப்பேட்டைக்குப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தமிழ்நாட்டின் கடைசி ஊரான ஆரம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அதற்கு அப்பால் தடா; ஆந்திரம். "இதுக்கு மேல என் லைசென்ஸ் செல்லாது. துப்பாக்கியோட நான் வரமுடியாது. துப்பாக்கி இல்லாம நான் வர்றதுல உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல" என்று இறங்கிக்கொண்டார். கூட வந்த காசாளர், இரண்டு மணி நேர வேலை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மன்றாடியிருக்கிறார். ஓட்டுநர் இன்னும் நடைமுறைவாதி. துப்பாக்கியைச் சாக்குக்குள் சுற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிடலாம் என்றார். அது முன்னதைவிடப் பெரிய குற்றம் என்று இவர் விளக்கியிருக்கிறார்.

வண்டி காவலில்லாமல் போனது. இவர் சாலையோரத் தேநீர்க் கடையில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மூடிய உறையில் ரிவால்வர், ஆறு குண்டுகள், சட்டைப்பையில் உரிமப் புத்தகம். ஐந்து தேநீர் குடித்தாராம். கணக்கு அவருக்கு நினைவிருக்கிறது. வண்டி திரும்பி வந்தபோது ஏறிக்கொண்டார். அடுத்த வாரம் வேலை போயிற்று. இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மூத்தவள்தான் என் மனைவி. அவளுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக என் மாமியாரின் வளையல்கள் அடகுக்குப் போயின. அடகு வைத்தது வேறொரு நிறுவனத்தில் என்பதை மாமியார் கடைசிவரை அழுத்திச் சொல்வார்.

எல்லையில் இறங்கியதை அவர் நேர்மை என்று ஒருபோதும் சொன்னதில்லை. பிடிபட்டால் சிறை, உரிமம் ரத்து, ஓய்வூதியத்துக்கும் ஆபத்து வரலாம் என்ற பயம் என்றுதான் சொல்வார். என் மனைவி அதை இன்றுவரை பிடிவாதம் என்கிறாள். எனக்கு மூன்று சொற்களும் போதவில்லை. சாலையில் ஒரு கோடு கிடையாது, வேலி கிடையாது. தடாவின் மண்ணும் ஆரம்பாக்கத்தின் மண்ணும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதர் வண்டியிலிருந்து இறங்குகிறார். சொற்களைக் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு இது லேசான விஷயமாகத் தெரியவில்லை.

எல்லைகளுக்குக் குறுக்கே துப்பாக்கி மறைந்து சென்ற கதைகளில் தமிழர் எல்லோரும் அறிந்தது வேறு வகை. வாஞ்சிநாதன் திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறை ஊழியர். அவரது செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கரடிகுப்பத்தில், வ.வே.சு. ஐயரிடம் சுடப் பயின்றார். 1911 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி அது. மூன்று ஆட்சி எல்லைகள், ஒரே சட்டைக்குள் ஒரு துப்பாக்கி. அங்கே எல்லை என்பது ஒளிந்துகொள்ள உதவிய வசதி. பள்ளிப் பாடங்களில் நாம் கொண்டாடுவது அந்தத் துணிவை. ஆரம்பாக்கத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவரை எந்தப் பாடத்தில் வைப்பது?

இந்தச் சட்டத்தின் பிறப்பே விசித்திரமானது. லிட்டன் பிரபு 1878-இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று வட்டார மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்க. மற்றொன்று இந்தியர்களின் ஆயுதங்களைக் கட்டுப்படுத்த. ஐரோப்பியருக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் 1882-இல் நீக்கினார். ஆயுதச் சட்டத்தை நீக்க யாருக்கும் அவசரமிருக்கவில்லை. காங்கிரசின் 1931 கராச்சித் தீர்மானம், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. 1959-இல்தான் சுதந்திர இந்தியா தன் சொந்த ஆயுதச் சட்டத்தை எழுதிக்கொண்டது. இன்றைய நிலையில் நம் நாட்டில் துப்பாக்கி உரிமையல்ல, அனுமதி. அம்பேத்கரின் பக்கம்தான் நான். ஆனால் அனுமதியின் பாரத்தை அதை மதிப்பவர் மட்டுமே சுமக்கிறார் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் 2022-இல் காலமானார். அதன்பின் இளைய மகள் அவரைப் பெங்களூருக்கு வந்துவிடும்படி அழைத்துக்கொண்டே இருந்தாள். மாடிப்படி ஏறுவது சிரமமாகிவிட்டது. எங்கள் வீட்டிலோ கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். போவதில் அவருக்கும் விருப்பம்தான். குறுக்கே நின்றது பீரோவிலிருந்த அந்த இரும்பு. ஓசூர்வரை அது சட்டபூர்வமான உடைமை. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்தால் குற்றம்.

வழிகள் இல்லாமலில்லை. உரிமத்தின் எல்லையைக் கர்நாடகத்துக்கும் விரிவாக்கக் கோரலாம். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, காத்திருப்பு. அங்கே முப்பது நாளுக்கு மேல் தங்குவதானால் அங்குள்ள உரிம அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். எழுபத்து நான்கு வயதில் இன்னொரு மாநிலத்தின் காவல் நிலையத்துக்கு, இன்னொரு மொழியில், எதற்காக எனக்கு இது தேவை என்று விளக்கவேண்டும். "குடகுக்காரனாப் பொறந்திருக்கணும்" என்றார் சிரித்துக்கொண்டே. ராணுவத்தில் அவருடைய நண்பர் ஒருவர் கொடவர். கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. குடகுக்கு வெளியே பயணம் செய்யும்போதுகூட ஒரு ரைஃபிளும் நூறு தோட்டாக்களும் கொண்டுசெல்ல அவர்களுக்கு இடமுண்டு. ஒரே படைப் பிரிவில் ஒரே தட்டில் உண்ட இரண்டு பேர். ஒருவருக்கு எல்லையே இல்லை, மற்றவருக்கு ஆரம்பாக்கம்.

பிறகு ஒரு மாலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித் தர விண்ணப்பிக்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. வாரிசு என்ற சொல்லுக்குள் மருமகனும் அடக்கம். இதையெல்லாம் யாரிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

"எனக்குப் பையன் இல்ல. நீங்க வாங்கிக்குங்க மாப்பிள்ளை."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. தொண்டை அடைத்தது. அவர் கொடுப்பது ஆயுதம் அல்ல என்று தெரிந்தது. ஆனால் வாங்கினால் அது ஆயுதம்தான். மனநலச் சான்றிதழ், பாதுகாப்புப் பயிற்சி, விண்ணப்பத்தில் 'தேவைக்கான காரணம்' என்ற கட்டம். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு யாரால் ஆபத்து என்று அதில் எழுதுவது? இது வேடிக்கை. வேடிக்கையல்லாத காரணம் என் மகன். அவனுக்குப் பதினாறு வயது. தேர்வு மதிப்பெண்ணுக்காக இரண்டு நாள் பேசாமலிருந்து கதவைச் சாத்திக்கொள்ளும் வயது. அந்த வீட்டுப் பீரோவில் அது இருக்க நான் சம்மதிக்க மாட்டேன். கோழைத்தனம் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

"வேண்டாம் மாமா" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

பேரனைப் பற்றிச் சொன்னதும் அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று என் மனைவி நினைத்தாள். ஐந்தாம் நாள் அவரே வந்து, "நீங்க சொன்னதுதான் சரி. நான் ரெண்டு பொண்ணுங்களோட அதை வீட்ல வெச்சிருந்தேனே, இப்ப நினைச்சா உதறுது" என்றார்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தேர்தலின்போது உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு விலக்குக் கிடைக்கும். 1996-இலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற ரசீதுகளை ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். ஆட்சிகள் மாறிய வரிசையை அந்தக் கட்டிலிருந்து சொல்லிவிடலாம். இம்முறையும் முதல் வாரமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஜூன் 4-இல் முடிவுகள் வந்தன. நடத்தை விதிகள் விலக்கப்பட்டன. மற்றவர்கள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவர் போகவில்லை.

ஜூன் மாதக் கடைசியில், உரிமத்தையும் துப்பாக்கியையும் நிரந்தரமாக ஒப்படைப்பதாக எழுதிய கடிதத்தோடு என்னையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றார். கடிதத்தின் தமிழைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தார். 'சமர்ப்பிக்கிறேன்' என்று நான் போட்டிருந்ததை அடித்துவிட்டு 'ஒப்படைக்கிறேன்' என்று அவரே மாற்றிக்கொண்டார். அவர் மாற்றியதுதான் பொருத்தமான சொல். அரை மணி நேரத்தில் முடிந்தது. ரசீதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தபடியே வெளியே வந்தவர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். துப்பாக்கியின் வரிசை எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

உள்ளே போனால், எழுதியவர் வேறு பணிக்குக் கிளம்பிவிட்டார்; நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள் காலை அவருக்குப் பெங்களூர் ரயில். ஒன்றும் ஆகாது, நான் வந்து திருத்தி வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நம்பர் தப்பா இருந்தா அது வேற துப்பாக்கி மாப்பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டை அடுத்த நாளைக்கு மாற்றச் சொன்னார்.